பெட்டிக்குள் வைத்த புள்ளி

அந்தப் பட்டியலை நான் வேறொரு காரியத்துக்காகத்தான் திறந்தேன். ஈரோட்டுப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனைக்கு, நோயாளிகளைப் பதிவு செய்யும் இணையதளம் செய்து கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மாதக் கணக்கில் ஒரு கூட்டுத்தொகை உதைக்கிறது என்று சொன்னார்கள். டேட்டாபேஸைத் திறந்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். 'கடைசிப் பெயர்' என்ற பத்தியில் கண் நின்றுவிட்டது. அங்கே பெயர்கள் இல்லை. புள்ளிகள் இருந்தன. ஒரு வரியில் ஒரு புள்ளி, அடுத்த வரியில் ஒரு புள்ளி, அதற்கடுத்ததிலும் புள்ளி. திரையை உருட்ட உருட்டப் புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. நடுவில் எங்காவது ஒற்றை எழுத்து. சில இடங்களில் முதல் பெயரே இன்னொரு தடவை. ஓர் இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.

நிரலில் பிழை எதுவும் கிடையாது. நான் எழுதியது எழுதியபடியே வேலை செய்திருக்கிறது. கடைசிப் பெயர் இல்லாமல் யாரையும் உள்ளே விடாதே என்று சொல்லியிருந்தேன்; அது விடவில்லை. கூட்டுத்தொகைச் சிக்கல் அரை மணி நேரத்தில் தீர்ந்தது. புள்ளிகள் மனதிலேயே கிடந்தன.

அடுத்த வாரம் நேரில் போனேன். பதிவு மேசையில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். கூட்டம் குறையும்வரை பக்கத்தில் நின்று பார்த்தேன். பெயர் கேட்கிறார், முதல் பெட்டியில் அடிக்கிறார், நடுப்பெட்டியைத் தாண்டுகிறார், மூன்றாவதில் புள்ளி வைக்கிறார், அடுத்த பக்கம் போகிறார். பழகிய கை. ஓர் இமைப்பொழுதுகூட யோசிக்கவில்லை.

"ஏனுங்க்கா, கடைசிப் பேருல புள்ளி வெக்கறீங்க?"

"வெக்காட்டி அடுத்த பக்கம் போக மாட்டேங்குதுங்க தம்பி. மொதல்லயெல்லாம் கேட்டுத்தான் பாத்தேன். கடைசிப் பேரு என்னங்கன்னா முழிக்கறாங்க. ஒருத்தர், 'சாதியக் கேக்கறீங்களா'ன்னு கோவிச்சுக்கிட்டார். ஒரு பாட்டி, 'எனக்கு மொதப் பேரு கடைசிப் பேரு எல்லாம் ஒண்ணுதாஞ் சாமி'ன்னு சொல்லீட்டாங்க. வெளிய அம்பது பேரு நிக்கறாங்க. புள்ளி வெச்சா உட்டுருதுங்க."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க்கா."

"நாங்கதான் தப்பாப் பண்றமோன்னு நெனச்சுட்டங்க."

ஊருக்குத் திரும்பும் பேருந்து முழுக்க அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் வந்தேன். தப்பு என்னுடையது. அதை மூன்று மாதம் அந்த அக்கா தன்னுடையதாக எண்ணிச் சுமந்திருக்கிறார். வரிசையில் நின்ற பாட்டியும், கோபித்துக்கொண்டவரும், ஆளுக்கொரு பங்கு சுமந்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் பிழைகள் இப்படித்தான் இடம் மாறுகின்றன. எழுதியவனிடமிருந்து கிளம்பி, எதிரில் இருக்கிறவரின் தலையில் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

*

அந்த மூன்று பெட்டிகளை நான் யோசித்து வைக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் பதினொரு பேர் வேலை செய்யும் எங்கள் அலுவலகத்தில், காலையில் வந்ததும் வாடிக்கையாளர் புகார்களை வரிசைப்படுத்திய டிக்கெட் பட்டியலைப் பார்ப்போம். ஒரு கடையின் பக்கத்தில் பொத்தான் நான்கு பிக்சல் கீழே இறங்கியிருக்கிறது. ஒரு பள்ளியின் பக்கம் விலை குறைந்த போனில் திறந்தால் மெனு மூடமாட்டேன் என்கிறது. நேற்று மாற்றிய விலை இன்னும் பழையதாகவே தெரிகிறது என்று ஒருவர் கூப்பிடுகிறார். கேஷை அழித்துவிட்டுப் பாருங்கள் என்று சொல்கிறோம். நாளின் பெரும்பகுதி இப்படிச் சின்னச் சின்னத் திருத்தங்களில் போய்விடும். கவனம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிற நிறத்துக்கும் படத்துக்கும் போகும். படிவத்துக்கு மிச்சமிருக்கும் நேரம்தான்.

அதனால் படிவத்தைப் பழைய வேலை ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டினேன். அந்தப் பழைய வேலைக்கு, இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியிலிருந்து எடுத்திருந்தோம். அந்த மாதிரியைச் செய்தவர் எந்த நாட்டுக்காரரோ, அவர் ஊரில் குடும்பப் பெயர் பின்னால் வருவது மூச்சுவிடுவதுபோல இயல்பாக இருந்திருக்கும். அவர் வீட்டு வழக்கம் மூன்று பெட்டிகளாகி, கடல் தாண்டி, மஞ்சள் விளையும் ஊரில் ஒரு பாட்டியின் முன்னால் வந்து நின்றது. இடையில் என்னைப்போல எத்தனை பேர் கையில் மாறியிருக்கும்? ஒருவர்கூட நிறுத்தி, இது இங்கே எதற்கு என்று கேட்கவில்லை.

பெட்டியைக் கட்டாயம் ஆக்க, இணையப் பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் ஒரே ஒரு சொல் போதும். 'ரிக்வயர்டு' என்று சேர்த்துவிட்டால், காலியாக விட்டவரை பிரவுசரே தடுத்து நிறுத்திவிடும். அந்த ஒரு சொல்தான் அத்தனை புள்ளிகளையும் பெற்றது.

நம் பக்கத்தில் பெயர் என்பது ஒன்று. அதற்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, சிலருக்கு ஊர்ப் பெயரின் எழுத்தும் சேர்ந்து. கல்யாணத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு அந்த எழுத்து மாறும். பின்னால் எதுவும் இல்லை. அந்த இடம் வெறுமையாக இருப்பதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஒரு தலைமுறை அதைச் செய்து காட்டியது. அடுத்த தலைமுறைக்கு அது வழக்கமாகிவிட்டது. தாத்தாமார் முயன்று காலிசெய்து வைத்த இடத்தில் நான் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் வைத்து, நிரப்பு என்று சொல்லியிருக்கிறேன். 'சாதியைக் கேட்கிறீர்களா' என்று கோபித்துக்கொண்டவர் படிவத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

வெளிநாடு போகும் நம்மவர்களுக்கு இந்தத் தொல்லை முன்பே பழக்கம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயருக்கான இடத்தில் 'எஃப்என்யூ' என்ற மூன்றெழுத்தை அச்சிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு ஓட்டுநர் உரிமத்திலும் வங்கிக் கணக்கிலும் அந்த மூன்றெழுத்தே பெயர்போல ஒட்டிக்கொள்ளும். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் முழுதாகக் கண்முன்னே இருக்கும்போதே, தெரியவில்லை என்று எழுதச் சொல்கிறது ஒரு பெட்டி.

இது நம்முடைய துயரம் மட்டும் இல்லை. ஜான் கிரஹாம்-கம்மிங் என்ற ஆங்கிலேய நிரலாளரின் குடும்பப் பெயரின் நடுவில் ஒரு சிறு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைக் கண்டு, உங்கள் பெயரில் செல்லாத குறி இருக்கிறது என்று ஒரு கணினி அமைப்பு அவருக்குச் சொன்னது. அதை அவர் எழுதியதைப் படித்துவிட்டு, 2010இல் பேட்ரிக் மெக்கன்சி ஒரு கட்டுரை எழுதினார். பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பிக்கொண்டிருக்கும் நாற்பது பொய்களின் பட்டியல் அது. ஒவ்வொருவருக்கும் ஒரே பெயர்தான் என்பது ஒரு பொய். பெயர் மாறாது என்பது இன்னொன்று. உலகத்துக்கு இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும், பல நாட்டுப் பெயர் வழக்கங்களை எடுத்துக்காட்டி, பெயரைத் துண்டுதுண்டாகக் கேட்பது உண்மையிலேயே தேவையா என்று யோசிக்கச் சொல்லி ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. எல்லாம் என் மேசைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன. ஒட்டுவதற்கு முன்னால் படிக்கவில்லை.

*

மூன்று பெட்டிகளை எடுத்துவிட்டு ஒன்று வைத்தேன். மேலே 'பெயர்' என்று மட்டும் எழுதினேன். அதுவரை முதல் பெட்டி மட்டும் ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதையும் ஏற்காமல் இருந்தது; புதிய பெட்டி தமிழையும் ஏற்கும்படி மாற்றினேன். இரண்டாவது தவறு அங்கேதான் நடந்தது. முதல் தவறைவிட இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

பெயர்ப் பெட்டியில் எண்ணும் குறியீடுகளும் வராமல் தடுக்க ரெஜெக்ஸ் என்று ஒன்று எழுதுவோம். உள்ளே வரும் எழுத்துச் சரத்தின் வடிவம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும் சிறு விதி அது. ஆங்கில எழுத்து 26 மட்டும் என்றிருந்த விதியை எடுத்துவிட்டு, உலகத்தின் எந்த மொழி எழுத்தானாலும் சரி என்று புதிய விதி எழுதினேன். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறை அதற்கு வழி கொடுக்கிறது. 'எழுத்து' என்ற வகையில் சேர்த்திருக்கும் அத்தனையையும் ஒரே குறிப்பில் அனுமதித்துவிடலாம். கதவை அகலத் திறந்துவிட்டோம் என்ற நிறைவோடு 'க' என்று தட்டிப் பார்த்தேன், ஏற்றது. 'ம' தட்டினேன், ஏற்றது. சர்வரில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, நேத்து ராத்திரி போன்லயே ஒருத்தர் பதிஞ்சிருக்காங்களாட்ட இருக்குது. பேரு 'க'ன்னு மட்டும் இருக்குதுங்க. வரிசையில கூப்புட்டா ஆரும் எந்திரிக்க மாட்டேங்கறாங்க."

சர்வரில் நடப்பதைக் குறித்து வைக்கும் லாக்கைத் திறந்தேன். ஏற்க மறுத்த பெயரை நாங்கள் சேமிப்பதில்லை. அதன் நீளத்தை மட்டும் குறித்து வைப்போம். இரவு ஒன்பதே காலுக்கு ஒரே போனிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஆறு முயற்சி. நீளம் 8, மறுப்பு. மறுபடி 8, மறுப்பு. மறுபடியும் 8. பிறகு 6. பிறகு 3. கடைசியாக 1. அதை ஏற்றிருக்கிறது.

அந்த ஆறு எண்களைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரவில் உடம்புக்கு முடியாத ஒருவர், அல்லது முடியாதவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர், தன் பெயரை மூன்று முறை சரியாக எழுதியிருக்கிறார். மூன்று முறையும் 'தவறான பெயர்' என்று சிவப்பில் காட்டியிருக்கிறது. பிறகு பெயரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டியிருக்கிறார். கடைசியில் ஒரே எழுத்தாகக் குறுகி உள்ளே வந்திருக்கிறார். வந்த பிறகு, 'க' என்று கூப்பிட்டபோது அது தன்னைத்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்?

காரணம் புள்ளி. யூனிகோடு தமிழில் உயிரெழுத்துக்கும் அகரமேறிய உயிர்மெய்க்கும் தனித்தனி இடம் கொடுத்து வைத்திருக்கிறது. 'கி' என்பதற்குத் தனி இடம் இல்லை. 'க' ஒன்று, அதன்பின் இகரத்தின் கொக்கி ஒன்று. 'க்' என்றால் 'க' ஒன்று, புள்ளி ஒன்று. 1988இல் இந்தியாவில் வகுத்த இஸ்கி என்ற குறியீட்டு முறையைத் தழுவி, 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. அதில் 'க'வும் 'ம'வும் 'எழுத்து' என்ற வகை. கொக்கியும் காலும் கொம்பும் புள்ளியும் 'குறி' என்ற வேறு வகை. எழுத்தை விடு என்று சொன்னேன், குறியை விடு என்று சொல்லவில்லை. கண்ணம்மா என்ற பெயர் நமக்கு ஐந்து எழுத்து; கணினிக்கு எட்டு. அந்த எட்டில் இரண்டு புள்ளி, ஒரு கால். மூன்றும் வாசலிலேயே நின்றுவிட்டன. கொக்கியும் காலும் புள்ளியும் இல்லாத தமிழ்ப் பெயரைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது. எல்லா மொழிக்கும் திறந்துவிட்டதாக நான் நம்பிய கதவு, என் மொழிக்கு அநேகமாக முழுக்கச் சாத்தியே இருந்தது.

விதியில் 'குறி' வகையையும் சேர்க்க ஒரு நிமிடம் ஆனது.

*

மெய்யெழுத்தின் இயல்பு புள்ளி பெறுவது என்கிறது தொல்காப்பியம். ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துவிடும். ஏகாரத்துக்கும் எகரத்துக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சாமிநாதையர் அப்படிப்பட்ட ஓலைகளைத்தான் படித்தார். எழுதியவன் வைக்காத புள்ளியைப் படிப்பவன் தன் அறிவால் வைத்துக்கொண்டான். எது மெய், எது உயிர்மெய் என்பதை முன்னும் பின்னும் உள்ள சொற்கள் அவனுக்குச் சொல்லின.

கணினிக்கு அந்த அறிவு கிடையாது. புள்ளி இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. அதனால் ஓலைச்சுவடியில் படிப்பவன் செய்த வேலையை, இப்போது நிரல் எழுதுகிறவன் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியிருக்கிறது. படிப்பவர் வருவதற்கு முன்பே, அவர் எப்படியெல்லாம் வருவார் என்று நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதை ஒரு தொழில்நுட்ப நுணுக்கமாக மட்டும் முன்பு பார்த்தேன். இப்போது விருந்தோம்பலின் ஒரு பகுதியாகப் பார்க்கிறேன்.

அந்தப் புள்ளியைக் கவனிக்கத் தொடங்கியபின் அது எங்கும் தென்பட்டது. பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால், கணினி குறியீட்டு எண்ணின் வரிசையில் அடுக்குகிறது. நம் அகராதியில் கண்ணம்மா முதலில், பிறகு கணபதி, கமலா, கடைசியில் கனகா. கணினி தன்போக்கில் அடுக்கினால் கணபதி, கண்ணம்மா, கனகா, கமலா என்று வருகிறது. அங்கே புள்ளியின் எண் எல்லாக் கொம்புக்கும் காலுக்கும் பிந்தியது. றன்னகரம் நகரத்தை ஒட்டி முன்னாலேயே வந்துவிடுகிறது. தமிழ் முறைப்படி அடுக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்தால் ஜாவாஸ்கிரிப்ட் சரியாக அடுக்கிக் கொடுக்கும். சேர்க்க வேண்டும் என்று தெரிந்தால்தான் சேர்ப்போம். தெரியாதபோது, மேசையில் இருக்கும் அக்கா பட்டியலில் பெயரைத் தேடுவார்; கிடைக்காது; தன் கண்ணைக் குறை சொல்லிக்கொள்வார்.

குறுஞ்செய்தியிலும் அது நின்றது. ஆங்கிலத்தில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 160 குறிகள் கொள்ளும். தமிழில் 70தான். அந்த 70க்குள் புள்ளியும் கொக்கியும் தனித்தனியே கணக்கு. 'வணக்கம்' என்று ஐந்து எழுத்தில் சொல்லி முடிப்பதற்குள் ஏழு போய்விடும். டாக்டர் பெயர், நாள், நேரம், மாடி எண் எல்லாம் சேர்த்தால் ஒரு தமிழ்ச் செய்தி இரண்டு மூன்றாகப் பிரிந்து, அத்தனைக்கும் கட்டணம் ஏறும். "இங்கிலீஷ்லயே அனுப்பிரலாமுங்க, செலவு கம்மி" என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். செய்தியைப் பெறுகிறவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியுமா என்ற கேள்வி அந்தக் கணக்கில் வரவில்லை. இந்த முறை சும்மா இருக்கவில்லை. சொற்களைக் குறைத்துக் குறைத்து எழுதிப் பார்த்து, தேதியும் நேரமும் டாக்டர் பெயரும் மட்டும் வைத்து, 70க்குள் அடங்கும் ஒரு தமிழ்ச் செய்தியைக் கொண்டுபோய் வைத்தேன். ஒப்புக்கொண்டார்கள்.

*

இந்த வேலையில் நான் தினமும் பெறும் ஒரு சலுகையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஹெச்டிஎம்எல் எழுதும்போது டேக் என்னும் குறி ஒன்றைத் திறந்துவிட்டு மூட மறந்துபோகும். ஒன்றுக்குள் ஒன்று வைப்பதில் வரிசை பிசகும். ஆனாலும் பக்கம் தெரியும். பிரவுசர் என் பிழையைத் தானே சரிக்கட்டிக்கொண்டு, நான் என்ன சொல்ல வந்திருப்பேன் என்று ஊகித்து, பக்கத்தை வரைந்து காட்டிவிடும். படிப்பவருக்கு என் பிழை தெரியவே தெரியாது.

ஒரு காலத்தில் இந்தப் பொறுமை கூடாது என்று நினைத்தார்கள். 2000இல் எக்ஸ்ஹெச்டிஎம்எல் என்ற கண்டிப்பான முறை வந்தது. அதை முழுக் கண்டிப்போடு இயக்கினால், ஒரே ஒரு குறியை மூட மறந்தாலும் பக்கம் முழுக்க மறைந்து பிழைச் செய்தி மட்டும் வரும். ஒழுங்கு நல்லதுதான். ஆனால் எழுதியவனின் பிழைக்குத் தண்டனை படிக்க வந்தவருக்குப் போயிற்று. இணையம் அந்த வழியில் போகவில்லை. ஆப்பிள், மோசில்லா, ஒபரா நிறுவனத்தவர் சேர்ந்து 2004இல் வேறு வழியில் வேலையைத் தொடங்கினார்கள். அது ஹெச்டிஎம்எல்5 ஆக வளர்ந்து 2014இல் டபிள்யூ3சியின் தரமாக நிலைபெற்றது. பிழையான குறிகளைக் கண்டால் பிரவுசர்கள் எல்லாம் ஒரேமாதிரி எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று அதில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் முன்பு, 1980இலேயே, இணையத்தின் அடிப்படை நெறிமுறை ஒன்றை எழுதும்போது ஜான் போஸ்டல் ஒரு கொள்கை சொன்னார்: நீ அனுப்புவதில் கட்டுப்பாடாக இரு, பிறரிடமிருந்து பெறுவதில் தாராளமாக இரு என்பது அதன் கருத்து. அளவுமீறிய தாராளமும் சிக்கல் தரும் என்று பின்னால் வந்தவர்கள் வாதித்ததுண்டு. ஆனால் இணையம் இத்தனை பேர் கைக்கு எட்டியதில் அந்தத் தாராளத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இதை நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. என் பிழைகளை பிரவுசர் நாள் முழுக்கப் பொறுத்துக்கொள்கிறது. அந்தப் பொறுமையின் நிழலில் உட்கார்ந்துதான், பிழையே இல்லாத ஒரு பெயரைத் தவறு என்று சொல்லும் விதியை எழுதினேன். எனக்குக் கிடைத்ததை அடுத்தவருக்குக் கொடுக்கவில்லை.

பாதுகாப்புக்காகத்தானே இந்த விதிகள் என்று தொழிலில் உள்ளவர்கள் கேட்பார்கள். பெயர்ப் பெட்டி வழியாகத் தீய நிரலை உள்ளே அனுப்புகிறவர்கள் உண்டு, உண்மை. ஆனால் அதைத் தடுக்கும் இடம் வேறு. வந்த சரத்தை டேட்டாபேஸுக்குக் கட்டளையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பதும், திரையில் காட்டும்போது நிரலாக இயங்காதபடி மாற்றிக் காட்டுவதும்தான் காப்பு. அவற்றை ஒழுங்காகச் செய்தால், பெயரில் கோடு இருந்தாலும் புள்ளி இருந்தாலும் மேற்கோள் குறியே இருந்தாலும் ஒரு கெடுதலும் இல்லை. அவற்றைச் செய்யாமல் பெயரை மட்டும் வெட்டிக்கொண்டிருந்தால், திருடன் வேறு வழியில் வருவான். நோயாளி வெளியே நிற்பார்.

*

இப்போது ஒரு படிவம் கைக்கு வந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கேள்வி கேட்கிறேன்: இதை யார், எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள்? மருத்துவமனைக்குப் பெயர் எதற்கு? வரிசையில் கூப்பிட. மருந்துச் சீட்டில் எழுத. கூப்பிட்டால் எழுந்து வரும் பெயர் எதுவோ அதுதான் வேண்டும். அதற்கு ஒரு பெட்டி போதும். காப்பீட்டுக்கு அடையாள அட்டையில் உள்ளபடி பெயர் வேண்டும் என்றால், அதை அந்த இடத்தில், அந்தக் காரணத்தைச் சொல்லி, தனியாகக் கேட்கலாம். காரணம் சொல்ல முடியாத பெட்டியை எடுத்துவிடுகிறேன். எடுத்த பெட்டிகளைப் பற்றி எந்த வாடிக்கையாளரும் இதுவரை கேட்டதில்லை.

'தவறான பெயர்' என்ற வாசகத்தை எங்கள் எல்லா வேலைகளிலிருந்தும் நீக்கிவிட்டேன். நீக்கும்போது தேடிப் பார்த்தேன். இருபத்து மூன்று இடங்களில் இருந்தது. இருபத்து மூன்றும் நான் எழுதியவை. ஒருவரின் பெயரைப் பார்த்துத் தவறு என்று சொல்லும் துணிச்சல் நேருக்கு நேர் எனக்கு வராது. திரைக்குப் பின்னால் இருந்ததால் வந்திருக்கிறது. கொத்தனார் வாசலைத் தாழ்வாக வைத்துவிட்டால் குடிபுகும் நாளிலேயே யாராவது தலையில் இடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். என் வாசலில் இடித்துக்கொள்கிறவர்களை நான் பார்ப்பதில்லை. லாக்கில் 8, 8, 8, 6, 3, 1 என்று எண்களாக மட்டும் அவர்கள் வந்து போகிறார்கள்.

எண்களையாவது பார்க்க வேண்டும் என்று வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பெட்டியில் மக்கள் அதிகம் தடுமாறினார்கள் என்று வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் லாக்கைப் படிக்கிறேன். மாதம் ஒரு முறை, நான் செய்த படிவம் ஒன்றை யாராவது நிரப்பும்போது பக்கத்தில் போய் நிற்கிறேன், வாய் திறக்காமல். அவர்கள் கை எங்கே தயங்குகிறதோ அங்கே என் தவறு இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கும் முதல் வாரத்தில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். தமிழ் விசைப்பலகையைப் போட்டுக்கொண்டு, சோதனைக்கு உங்கள் ஆத்தா பெயரை அடித்துப் பாருங்கள் என்கிறேன். புள்ளியும் கொக்கியும் கொம்பும் இல்லாத ஆத்தா பெயரை நான் இதுவரை கேட்டதில்லை.

அந்த மருத்துவமனையின் பழைய பதிவுகளில் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. ஒரே கட்டளையில் அத்தனையையும் அழித்துவிட முடியும், செய்யவில்லை. திரும்ப வரும் நோயாளிகளிடம் அக்கா, "உங்களைக் கூப்புட்டா எந்தப் பேருக்கு எந்திரிப்பீங்க?" என்று கேட்டு ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறார். 'க' என்று வந்தவர் அன்று மதியம்வரை காத்திருந்து, கூட்டம் கலைந்தபின் மேசைக்கு வந்து தன் முழுப் பெயரைச் சொன்னாராம். அக்காவே கையால் எழுதிக்கொண்டு டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது ஒரு திரை உங்கள் பெயரைத் தவறு என்று சொன்னால், பெயரை வெட்டாதீர்கள். புள்ளி வைத்துவிட்டுப் போய்விடவும் வேண்டாம். பெரும்பாலான தளங்களில் கீழே ஒரு தொலைபேசி எண்ணோ மின்னஞ்சலோ இருக்கும். அதில் ஒரு வரி சொல்லுங்கள். அந்தப் பக்கம் என்னைப்போல ஒருவன் இருக்கிறான். அவனுக்குத் தெரியாது. சொன்னால் திருத்துவான்.